விதைப்பந்து வீச முதல் விதையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை வந்தால் எங்கள் வடமாகாணத்தில் மரநடுகை மாதம். பாடசாலைகள், சனசமூக நிலையங்கள், கோயில்கள் என்று எல்லா இடமும் கன்று கொடுப்பதும் நடுவதுமாக இருக்கும். இப்போது சில வருடங்களாக விதைப்பந்தும் சேர்ந்துவிட்டது. உங்கள் பத்திரிகையிலும் பிள்ளைகள் வரிசையாக நின்று பந்து வீசுகிற படங்கள் வருகின்றன, பார்க்கச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பந்துக்குள் இருக்கிற விதை உயிரோடு இருக்கிறதா என்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தென்மராட்சியில் இருக்கிறேன், விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து வளவின் பின்பக்கம் சின்ன நாற்றுமேடை ஒன்று வைத்திருக்கிறேன். முதல் வருடம் ஓர் அமைப்பு (பெயர் வேண்டாம், நல்ல மனதோடு செய்தவர்கள்) புரட்டாதிக் கடைசியில் ஒரு சாக்கு நிறைய வாகை விதையும் கொன்றை விதையும் கொண்டுவந்து தந்தது. களிமண்ணும் மாட்டெருவும் பிசைந்து, இரண்டு சனி ஞாயிறு முழுக்கக் குந்தியிருந்து பிள்ளைகள் பந்து பிடித்தார்கள். நிழலில் காயவைத்து, மழை பிடிக்க முதல் கொடிகாமத்துக்கு அப்பால் உள்ள வெளிகளிலும் பற்றை ஓரங்களிலும் வீசிவிட்டு வந்தோம். மார்கழியில் போய்ப் பார்த்தால் பந்து கரைந்து மண் மட்டும் கிடந்தது, அங்கொன்று இங்கொன்றாக முளைத்திருந்தது, அவ்வளவுதான். ஆடு மேய்ந்திருக்கும் என்றார்கள் சிலர், மழை கூடிப்போச்சு என்றார்கள் வேறு சிலர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வருடமும் அதே போல ஒரு சாக்கு வந்தது. இந்த முறை தரம் ஏழு படிக்கிற ஒரு பிள்ளை விதையை உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், எல்லாத்திலயும் ஓட்டை கிடக்கு" என்றாள். வாங்கிப் பார்த்தேன். குண்டூசித் தலையை விடக் கொஞ்சம் பெரிதாக, அளவெடுத்துத் துளைத்தது போல நல்ல வட்டமான ஓட்டை. நூறு விதை எண்ணி வெள்ளைத் தாளில் பரப்பினோம், பாதிக்கு மேல் ஓட்டை. ஓட்டை இல்லாதவற்றைப் பாக்குவெட்டியால் வெட்டிப் பார்த்தோம், அதிலும் பலவற்றுக்குள் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது, சிலவற்றுக்குள் மா மாதிரித் தூள் மட்டும். முதல் வருடம் நாங்கள் பிடித்த பந்துகளுக்குள் என்ன இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாலு நாள் வெயிலில் இருந்து அந்தப் பிள்ளைகள் மண் பூசி வீசியது பெரும்பாலும் வெறும் கோது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தப் புழு ஒரு விதை வண்டின் குஞ்சு. இந்த வண்டு நமக்குப் புதிய ஆள் இல்லை. பயறு, கௌப்பி, உழுந்து வைத்திருக்கிற எந்தச் சமையலறையிலும் இதன் உறவுக்காரரைப் பார்க்கலாம். மூடியைத் திறந்தால் ஓடுகிற அந்தச் சின்ன மண்ணிற வண்டுதான். வீட்டில் பயறைத் தின்பது ஓர் இனம், காட்டில் வாகை, வேல், கொன்றை, புளி என்று அவரை இனத்து மரங்களின் விதைகளைத் தின்பவை அதே கூட்டத்தைச் சேர்ந்த வேறு வேறு இனங்கள். அனேகமாக ஒவ்வோர் இனத்துக்கும் பிடித்த மரம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், கண்டதெல்லாம் தின்பதில்லை. அம்மா பயறில் வண்டைக் கண்டால் உடனே சுளகை எடுப்பார். காட்டு மரத்து விதைக்கு மட்டும் அந்தச் சுளகை எடுக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் இது விளங்கினால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும். தாய் வண்டு காயின் மேலோ, வெடித்த காய்க்குள் தெரிகிற விதையின் மேலோ முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். முட்டையிலிருந்து வருகிற புழு மயிரிழை அளவு, அது நேரே துளைத்து உள்ளே போய்விடும். போன வழி தூர்ந்துவிடும், வெளியில் பார்க்கிறவருக்கு விதை நல்ல விதைதான். உள்ளே அது முளைக்காகச் சேர்த்து வைத்த வித்திலையைத் தின்று வளர்கிறது. கூட்டுப்புழுவாக மாற முதல் விதைத்தோலின் ஓரிடத்தை உள்ளிருந்தே வட்டமாக அரித்து, மெல்லிய தோல் மட்டும் மிஞ்ச விட்டுவைக்கும். அது யன்னல் மாதிரி. வண்டானதும் அந்த யன்னலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஆகவே நாங்கள் காண்கிற ஓட்டை வண்டு நுழைந்த வழி இல்லை, தின்று முடித்து வெளியேறிய வழி. ஓட்டை இல்லை என்பதற்காக விதை நல்லது என்று அர்த்தமும் இல்லை, ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். ரோச் லைற் வெளிச்சத்தில் விதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் சில வேளை அந்த யன்னல் நிறம் மாறிய வட்டமாகத் தெரியும்.

இப்போது எங்கள் பிழைக்கு வருகிறேன். வாகைக் காய் மழை ஓய்ந்த பிறகு முற்றி மஞ்சளாகும். பிறகு வெயில் காலம் முழுக்க மரத்திலேயே காய்ந்து தொங்கிக் காற்றுக்குச் சலசலக்கும். அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படித் தொங்குகிற ஒவ்வொரு நாளும் வண்டுக்கு வாசல் திறந்த நாள்தான். விழுந்து நிலத்தில் கிடக்கிறபோதும் அதே கதை. மரநடுகை கார்த்திகையில் என்பதால் எங்களுக்கு விதையின் ஞாபகம் ஆவணி புரட்டாதியில்தான் வருகிறது. அந்த நேரம் மரத்தடியில் கூட்டி அள்ளுகிற விதை அரை வருடத்துக்கு மேலாக வண்டு தின்று கழித்த மிச்சம். நடுகிற மாதத்தை மட்டும் நாட்காட்டியில் குறித்துவிட்டு, விதை முற்றுகிற மாதத்தைக் குறிக்காமல் விட்டதுதான் பிழை. மாசியில் காய் மஞ்சளான உடனே மரத்திலிருந்தே பறித்து, உடைத்து, காயவைத்து எடுத்திருந்தால் அதே மரத்து விதையில் நல்ல பங்கு தப்பியிருக்கும். இதை நான் போன மாசியில் செய்து பார்த்தேன். அதே ஒழுங்கை, அதே வாகை மரங்கள். ஓட்டை விதை இருந்தது, ஆனால் சுளகில் புடைத்து ஒதுக்குகிற அளவுதான்.

புளியில் நடப்பது இன்னும் வேறு மாதிரி. புளியம் விதையைத் தின்கிற வண்டின் புழு பல வேளை விதைக்குள்ளேயே கூடு கட்டுவதில்லை, தின்று முடித்ததும் வெளியே வந்து கோதின் மேலோ விதையின் மேலோ கடதாசி மாதிரி வெள்ளைக் கூடு ஒன்று நெய்து அதற்குள் இருக்கும். பழப்புளி உடைக்கிற பெண்களைக் கேளுங்கள், பார்த்திருப்பார்கள். இதே வண்டு கச்சானையும் (நிலக்கடலை) விடாது. மேற்கு ஆபிரிக்காவில் களஞ்சியக் கச்சானுக்குப் பெரிய சேதம் செய்கிறது இதுதான். ஆகவே புளியங்கொட்டைச் சாக்கையும் கச்சான் சாக்கையும் ஒரே அறையில் வைக்க வேண்டாம் என்று இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன், மரநடுகையில் அக்கறை இல்லாதவர்களுக்கும் இது பயன்படும்.

கொன்றையில் வண்டு மட்டும் இல்லை. அந்த நீளக் கறுப்புக் காயை உடைத்தால் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகச் சில்லுச் சில்லாக அறைகள், ஒவ்வோர் அறையிலும் பசையோடு ஒரு விதை. அதற்குள் ஓர் அந்துப்பூச்சியின் புழு புகுந்துவிட்டால் ஒரு விதையோடு நிற்காது, தடுப்பைத் துளைத்து அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று போய்க்கொண்டே இருக்கும். வெளியில் காய் ஒரு குறையும் இல்லாமல் கறுகறுவென்று இருக்கும். காயைக் குலுக்கிப் பார்த்துத் தெரிவு செய்கிறவர்கள் உண்டு, அது போதாது, உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பூவரசில் ஓட்டையே கிடைக்காது. சிவப்பு உடம்பில் கறுப்புப் புள்ளியோடு, இரண்டு இரண்டாகப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு பூவரசங்காயைச் சுற்றிக் கூட்டமாக நிற்கிற பூச்சியைச் சின்ன வயதில் எல்லோரும் பார்த்திருப்போம். பருத்திக்கும் வருவது அதுதான், நாவாய்ப்பூச்சி வகை. அதற்குக் கடிக்கிற வாய் இல்லை, ஊசி மாதிரி நீண்ட வாயை விதைக்குள் இறக்கி உறிஞ்சும். உறிஞ்சின விதை பார்க்க முழுசாக இருக்கும், கையில் எடுத்தால் பாரம் இருக்காது, வெட்டினால் உள்ளே சுருங்கிப் பழுப்பாக இருக்கும். இப்படி விதைக்கு வருகிற சேதத்தில் பாதி கண்ணுக்குத் தெரியாத சேதம். அதனால்தான் வெட்டிப் பார்க்கச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

இவ்வளவு விவசாயம் செய்கிற ஊரில் இந்த அறிவு ஏன் இல்லாமல் போனது என்று நான் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இது. எங்கள் வேலிக்கு வேண்டிய மரத்தை நாங்கள் ஒருநாளும் விதையிலிருந்து வளர்த்ததில்லை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை எல்லாம் கிளையைக் கதியாலாக வெட்டி நட்டவை. கதியால் போட்டால் வேர் பிடிக்கும், விதையைப் பற்றி நினைக்கத் தேவையே இல்லை. விதையிலிருந்து பெரிய அளவில் முளைக்க வைத்தது பனை ஒன்றைத்தான், அதுவும் கிழங்குக்காகப் பாத்தியில் அடுக்கியது. பனங்கொட்டையைக் கையில் எடுத்தாலே எது முளைக்கும் எது முளைக்காது என்று சொல்கிற ஆச்சிமார் இருந்தார்கள். வாகைக்கும் கொன்றைக்கும் பாலைக்கும் வீரைக்கும் அப்படி ஒரு கைப்பழக்கம் உருவாகவே இல்லை, அவை காட்டில் தாங்களாக முளைத்தன, நாங்கள் விறகுக்கும் பலகைக்கும் வெட்டினோம். இப்போது வேலி போய் மதில் வந்துவிட்டது, பற்றைகள் வீட்டுத் திட்டமாகவும் தோட்டமாகவும் மாறிவிட்டன, தாய்மரங்கள் ஊருக்கு ஒன்றிரண்டு என்று தனித்து நிற்கின்றன. அப்படித் தனியாக நிற்கிற மரத்தின் விதை ஒவ்வொன்றும் பெறுமதியானது. கதியால் நட்டால் அதே மரம்தான் திரும்பத் திரும்ப வரும். வெவ்வேறு குணமுள்ள மரங்கள் வேண்டுமென்றால் விதைதான் ஒரே வழி.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளில் ஓர் உதாரணம் இருக்கிறது. எங்கள் வேலி முள்முருக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் அங்கே சுதேச மரம், விலிவிலி என்பார்கள். 2005ஆம் ஆண்டு அங்கே ஒரு நுண்ணிய குளவி வந்து சேர்ந்தது. இலையிலும் தளிரிலும் முட்டையிட்டு, அவை கட்டி கட்டியாக வீங்கி, மரங்கள் செத்தன. மரம் அழிந்துவிடுமோ என்று பயந்து ஓடி ஓடி விதை சேகரித்தார்கள். ஆனால் அதற்கு முதலே, 2001இல், ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒரு விதை வண்டு அங்கே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, அது அதே மரத்தின் விதைகளைத் துளைத்துக்கொண்டிருந்தது. மேலே குளவி, கீழே வண்டு. பிறகு 2008இல் அந்தக் குளவியை அடக்க இன்னொரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், இலைகள் ஓரளவு மீண்டன. விதைக்கு வந்த வண்டு அப்படியே நிற்கிறது. மரம் பச்சையாக நிற்கிறது என்பதை வைத்து அதற்கு அடுத்த தலைமுறை இருக்கிறது என்று நம்பிவிட முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, அப்படியென்றால் வண்டுக்கு மருந்து அடிக்கலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். எங்கள் தோட்டங்களில் அடிக்கிற மருந்து காணும், காட்டு மரத்துக்கும் அதைக் கொண்டுபோக வேண்டாம். வண்டு விதைக்குள் இருக்கிறது, மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. பூவுக்கு வருகிற தேனீயும் வண்ணத்துப்பூச்சியும்தான் சாகும். அதைவிட முக்கியமான விசயம், அந்த வண்டுக்கும் காட்டில் ஒரு வேலை இருக்கிறது.

1970இல் டானியல் ஜான்சென் என்ற அமெரிக்க ஆய்வாளர், மத்திய அமெரிக்கக் காடுகளில் இந்த விதை வண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு கருத்தைச் சொன்னார். அடுத்த வருடம் ஜோசப் கொனல் என்பவரும் அவுஸ்திரேலியக் காட்டைப் பார்த்துக் கிட்டத்தட்ட அதையே சொன்னார். தாய்மரத்துக்குக் கீழே விதை குவிந்து கிடக்கிற இடத்தில்தான் அந்த மரத்துக்கே உரிய பூச்சிகளும் குவிகின்றன, அதனால் தாயின் காலடியில் விழுந்தவை அழிந்து தூரப்போன விதைகள் தப்புகின்றன, இடையில் கிடைக்கிற வெளியில் வேறு மரம் முளைக்கிறது, ஒரே மரம் காட்டை நிரப்பிவிடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம் என்பது அந்தக் கருத்து. இன்றைக்கும் அதை வைத்து ஆய்வு செய்கிறார்கள். பாலை மரம் சில வருடம் காய்த்துத் தள்ளும், சில வருடம் பேருக்குக் காய்க்கும் என்று வன்னியில் பாலைப்பழம் பொறுக்கிய எல்லோருக்கும் தெரியும். அப்படிக் காய்க்கிற மரங்களுக்கு அதில் ஒரு நன்மை உண்டு. தின்கிறவை தின்று முடிக்க முடியாத அளவுக்கு ஒரேயடியாகக் கொட்டினால் மிச்சம் தப்பும்.

ஆலமரத்தைப் பாருங்கள். ஆலம்பழத்துக்குள் குளவி இருக்கிறது என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அந்தக் குளவி உள்ளே போய் மகரந்தம் சேர்க்காவிட்டால் ஆலுக்கு ஒரு விதையும் இல்லை. அதற்குக் கூலியாக உள்ளே இருக்கிற பூக்களில் ஒரு பங்கில் முட்டையிட்டுத் தன் பிள்ளைகளை வளர்க்கிறது, மற்றப் பங்கு விதையாகிறது. அத்தியும் இத்தியும் அரசும் இதே ஏற்பாடுதான், ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய குளவி. விதையில் ஒரு பங்கைப் பூச்சிக்குக் கொடுத்துத்தான் அந்த மரங்கள் இவ்வளவு காலம் இருந்து வருகின்றன.

வண்டுக்கும் எதிரி இருக்கிறது. பிள்ளைகளோடு நாங்கள் செய்து பார்த்த ஒன்று, எந்தப் பாடசாலையிலும் செலவில்லாமல் செய்யலாம். வண்டு குத்தின வாகைக் காய் ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, வாயைப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி, நிழலில் வைத்துத் தினமும் பாருங்கள். வண்டுகள் வரும். அவற்றோடு எறும்பை விடச் சின்னதாகக் கறுப்புக் குளவிகளும் வரும். அவை விதை தின்னவில்லை. விதைக்குள் இருந்த வண்டுப் புழுவைத் தின்று வளர்ந்தவை, விதைக்குள்ளேயே ஒரு புழுவுக்குள் இன்னொரு உயிர். அதைப் பார்த்த அன்று பிள்ளைகள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்றார்கள். இதனால்தான் குத்துப்பட்ட விதைகளைக் குவித்து எரிக்கிற பழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன். எரித்தால் குளவியும் சேர்ந்து எரிகிறது. நாற்றுமேடைக்கும் விதை வைக்கிற இடத்துக்கும் தூரமாக, அந்த மரத்தடியிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறோம்.

ஆடு மாடு விசயத்திலும் நாங்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறோம். கன்றை மேய்வது உண்மை. ஆனால் வேல், உடை, வாகை போன்ற மரங்களின் காயை ஆடு வேளைக்கே தின்றால், விதைக்குள் அப்போதுதான் நுழைந்த புழு வயிற்றில் செத்துப்போகிறது, தோல் தடித்த விதைகளில் பல தப்பி வெளியே வருகின்றன. பட்டியில் ஆடு அசைபோட்டுத் துப்பிய விதையைக் கூட்டி எடுத்து விதைக்கிற பழக்கம் தமிழ்நாட்டில் கருவேல் வளர்க்கிறவர்களிடம் இருக்கிறது. இதையே மறுபக்கமாகத் தென்னாபிரிக்காவில் பார்த்தார்கள். அங்கே சீமைக்கருவேல் இனங்கள் பெருகி நிலத்தைப் பிடித்தபோது, மரத்தின் பயன் போகாமல் பரவல் மட்டும் குறையட்டும் என்று 1987இல் அமெரிக்காவிலிருந்து ஒரு விதை வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். எதிர்பார்த்த அளவு பலன் இல்லை, ஒரு காரணம் ஆடு மாடு. வண்டு வேலையை முடிக்க முதல் அவை காயைத் தின்று விதையைப் பரப்பிவிட்டன. மன்னார்ப் பக்கம் சீமைக்கருவேல் பரவுவதைப் பார்க்கிறவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய விசயம்.

இனி நாங்கள் இப்போது செய்கிற முறையைச் சொல்கிறேன். காயை மரத்திலிருந்து பறிக்கிறோம், விழுந்ததை எடுப்பதில்லை. ஒரே மரத்தில் எல்லாவற்றையும் பறிப்பதில்லை, ஊருக்குள் நாலைந்து மரமாவது தேடிப் போகிறோம், பறவைக்கும் பூச்சிக்கும் கொஞ்சம் விடுகிறோம். பறித்த அன்றே படங்கில் பரப்பி வெயிலில் காயவிட்டு உடைக்கிறோம். கொதிக்கிற வெயிலுக்கு வெளியே திரிகிற வண்டு நிற்காது, ஓடிவிடும். பிறகு சுளகு. புடைக்கும்போது உறிஞ்சினதும் அரித்ததும் பாரம் இல்லாததால் பதரோடு முன்னுக்கு வந்துவிடும், அதை ஒதுக்கலாம். தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுத்தெறிகிற முறையும் உண்டு, விதைக்கப் போகிற அன்று செய்தால் நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது, புழு சின்னதாக இருக்கிற விதை தாழும். ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் ஐம்பது விதையை எடுத்து வெட்டிப் பார்க்கிறோம். ஐம்பது விதை வீணாகிறதே என்று பிள்ளைகள் முதலில் கவலைப்பட்டார்கள். ஐம்பதை வெட்டாமல் ஆயிரம் கோதுக்கு மண் பூசுவதை விட இது நல்லது என்று இப்போது அவர்களே புதுப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் கியூ தாவரவியல் பூங்கா 2000ஆம் ஆண்டு திறந்த பெரிய விதை வங்கியில், காட்டு விதைகளை உறைய வைக்க முதல் எக்ஸ்-ரே எடுத்து, உள்ளே வெறுமையா, புழு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எங்களிடம் எக்ஸ்-ரே இல்லை, பாக்குவெட்டி இருக்கிறது.

ஓட்டை விழுந்த விதை எல்லாமே செத்தது என்றும் சொல்ல மாட்டேன். முளைப்பகுதியைத் தொடாமல் ஒரு பக்கம் மட்டும் தின்றிருந்தால் சில முளைக்கும், ஓட்டை வழியாகத் தண்ணீர் சுலபமாக உள்ளே போவதால் மற்றதை விடச் சுறுக்காகவும் முளைக்கும். ஆனால் வித்திலையில் சேமிப்பு இல்லாததால் கன்று நோஞ்சான். நாற்றுமேடையில் வைத்துப் பார்க்கலாம், வெளியில் வீசினால் எங்கள் சித்திரை வெயிலுக்குத் தாங்காது.

சேமிப்புக்கு ஆச்சிமார் பயறுக்குச் செய்ததைத்தான் செய்கிறேன். நல்லாய்க் காய்ந்த விதையைச் சலித்த சாம்பலோடு கலந்து, காய்ந்த வேப்பிலை போட்டு, மூடி இறுக்கமான போத்தலில் வைப்பது. சாம்பல் விதைக்கு விதை உள்ள இடைவெளியை அடைக்கிறது, வண்டின் தோலிலும் உராய்ந்து அதை உலர்த்துகிறது. குளிரூட்டியின் உறைபெட்டியில் இடம் இருந்தால், காய்ந்த வாகை, கொன்றை, புளி விதைகளை ஒரு வாரம் வைத்து எடுத்தாலும் உள்ளே இருக்கிற புழு செத்துவிடும், விதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இதை நாவல், இலுப்பை, கண்டலுக்குச் செய்துவிடாதீர்கள். அவற்றின் விதை ஈரத்தோடு உயிர் வாழ்பவை, காயவைத்தாலோ உறைய வைத்தாலோ செத்துப்போகும். பழம் விழுந்த கையோடு விதைக்க வேண்டும். வேப்பங்கொட்டையும் கனகாலம் வைத்திருக்கிற விதை இல்லை, ஆனி ஆடியில் எடுத்ததைக் கார்த்திகைக்கென்று வைத்திருந்தால் பெரும்பகுதி முளைக்காது. இந்த மரங்களுக்கு விதைப்பந்தே வேண்டாம், நேரே பையில் போட்டுக் கன்றாக்கிக் கார்த்திகையில் நடுவதுதான் சரி.

கண்டல் பற்றி ஒரு வார்த்தை. சரசாலைப் பக்கமும் கடனீரேரி ஓரங்களிலும் கண்டல் நடுகிறவர்கள் நீளமாகத் தொங்குகிற அந்த முளையைப் பொறுக்கி எடுத்துக் குத்துகிறார்கள். அதைத் துளைக்கிற மிகச் சின்னக் கறுப்பு வண்டு ஒன்று இருக்கிறது, கீழே விழுந்து கரையில் கிடக்கிற முளைகளில் கூடுதலாகக் காணலாம். குத்த முதல் ஒவ்வொரு முளையையும் கையில் எடுத்து மேலிருந்து கீழ் வரை பாருங்கள். ஊசி ஓட்டையும் தும்புத் தூளும் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். சேற்றில் இறங்கிக் கஷ்டப்பட்டு நடுகிற வேலை, ஓட்டை முளைக்காக அந்தக் கஷ்டம் வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது இரண்டு விசயம். உங்கள் நிருபர்கள் மரநடுகைச் செய்தி எழுதும்போது எத்தனை பந்து வீசினார்கள், எத்தனை கன்று நட்டார்கள் என்று எழுதுகிறார்கள். அதே இடத்துக்கு அடுத்த ஆவணியில் ஒருக்கால் போய், எத்தனை நிற்கிறது என்று எண்ணி அதையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வெயில் காலம் தாண்டி நிற்பதுதான் மரம். மற்றது, எங்கள் குடாநாட்டிலும் வன்னியிலும் எந்த மரத்துக்கு எந்த மாதம் விதை முற்றுகிறது என்று வாசகர்களிடம் கேட்டு ஒரு பக்கம் போடுங்கள். விவசாயத் திணைக்களத்திலும் வனவளத் திணைக்களத்திலும் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறவர்கள் திருத்தித் தரட்டும். வீரை எப்போது பழுக்கிறது, பனிச்சை எப்போது, முதிரைக் காய் எப்போது வெடிக்கிறது என்று கோயில் வீதியில் இருக்கிற ஐயாமாருக்குத் தெரிந்ததை எழுதி வைக்க இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது. விதை தந்துவிட்டுப் போகிற அமைப்புகளும் புரட்டாதியில் சாக்கோடு வராமல் தையிலேயே பிள்ளைகளைத் தேடி வரட்டும்.

எங்கள் ஒழுங்கையில் மூன்று வாகையும், பின்வளவில் ஒரு கொன்றையும் நிற்கின்றன. வருகிற மாசியில் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் நாங்கள் காய் பறிப்போம். வர விரும்பும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் உங்கள் அலுவலகம் வழியாக எனக்கு எழுதலாம். கொக்கத்தடி, சுளகு, பாக்குவெட்டி எல்லாம் இங்கே இருக்கிறது. வரும்போது மூடி உள்ள போத்தலும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் கொண்டுவந்தால் விதையை அன்றே பிரித்துக் கொடுத்துவிடலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
தென்மராட்சி, யாழ்ப்பாணம்.